வாயேஜர் போன பாதையில் ஓர் ஆம்பியன்ட் ஆல்பம்: தொடக்கநிலையினருக்கான செய்முறை

ஆம்பியன்ட் என்பது தாளத்தையும் மெட்டையும்விட ஒரு சூழலை உண்டாக்குவதையே முதன்மையாகக் கொண்ட இசை. அந்த வகையில் விண்வெளி இசை செய்யப் புறப்படும் பலரும் முதலில் தேடுவது லேசர் சத்தம், கணினிக் கூவல்கள், ராக்கெட் ஏவும்போது எண்ணும் குரல் ஆகியவற்றைத்தான். அவை நாம் பார்த்த திரைப்படங்களின் நினைவைத்தான் கிளப்பும். காதுக்கு விண்வெளியைக் காட்டுவது தொலைவு. ஓர் ஒலி எவ்வளவு தள்ளி நிற்கிறது, நமக்கும் அதற்கும் நடுவே எவ்வளவு வெறுமை கிடக்கிறது என்று கேட்பவர் உணர்ந்துவிட்டால், வேறு அலங்காரம் எதுவும் தேவைப்படாது. கீழே வரும் ஒவ்வொரு படியும் அந்தத் தொலைவை உண்டாக்குவதற்காகவே.

1. ஒரே ஒரு பயணத்தைத் தேர்ந்தெடுங்கள்

“விண்வெளி” என்ற பொதுத் தலைப்பில் தொடங்கினால் பத்துப் பகுதிகளும் ஒரே மாதிரி ஒலிக்கும். குறிப்பிட்ட ஒரு பயணத்தை வைத்துக்கொண்டால், எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்ற முடிவுகள் பாதி தாமாகவே வந்துவிடும். இங்கே வாயேஜர் 1 விண்கலத்தை எடுத்துக்கொள்வோம். 1977 செப்டம்பர் 5 அன்று ஏவப்பட்டது. 1979 மார்ச்சில் வியாழனைக் கடந்தது. 1990 பிப்ரவரி 14 அன்று ஏறத்தாழ 600 கோடி கிலோமீட்டர் தொலைவிலிருந்து திரும்பிப் பூமியைப் படம் எடுத்தது. 2012 ஆகஸ்டில் சூரியக் காற்றின் (சூரியனிலிருந்து வீசும் துகள்களின்) எல்லையைத் தாண்டி விண்மீன்களுக்கு இடையிலான வெளிக்குள் நுழைந்தது.

நான்கு நிகழ்வுகள், நான்கு பகுதிகள். ஒவ்வொன்றும் எட்டு நிமிடம் என்றால் அரை மணி நேரத்துக்குச் சற்று மேலாக ஓர் ஆல்பம் கிடைக்கும். முதல் முயற்சிக்கு இது தாராளம்.

2. கருவிகள்

இசையைப் பதிந்து தொகுக்கும் ரீப்பர் மென்பொருள் விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். 60 நாள் சோதனைக்காலம் உண்டு. மின்னணு முறையில் ஒலியை உருவாக்கும் சர்ஜ் எக்ஸ்டி என்ற சிந்தசைசரும் ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளும் முற்றிலும் இலவசம். ஹெட்ஃபோன் ஒன்று வேண்டும். பியானோ போன்ற விசைப்பலகை இல்லாவிட்டாலும் பரவாயில்லை. ஸ்வரங்களைச் சுட்டியால் வரைந்துகொள்ளலாம். இவ்வளவு போதும். இதற்கு மேல் மென்பொருள் தேடுவதில் நாட்களைச் செலவிடாதீர்கள்.

3. அடித்தள ஒலி

ஆல்பம் முழுவதையும் தாங்கப்போவது இந்த ஒலிதான். நேரத்தை இங்கே தாராளமாகச் செலவழியுங்கள்.

சர்ஜில் எல்லாவற்றையும் தொடக்கநிலைக்குக் கொண்டுவந்து, இரண்டு ஆசிலேட்டர்களில் (அடிப்படை ஒலியலையை எழுப்பும் பகுதிகளில்) ரம்பப் பல் வடிவ அலையைத் தேர்ந்தெடுங்கள். இரண்டாவதன் சுருதியை முதலாவதிலிருந்து 5 சென்ட் (அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) அளவுக்கு மட்டும் விலக்குங்கள். இரண்டு அலைகளும் மிக மெல்ல ஒன்றோடொன்று சேர்ந்தும் விலகியும் போவதால் ஒலி தானாகவே அசையத் தொடங்கும். 110 ஹெர்ட்ஸும் 110.2 ஹெர்ட்ஸும் சேர்ந்து ஒலித்தால், ஐந்து விநாடிக்கு ஒருமுறை ஒலி பெருகித் தணியும். இந்த அசைவு எவ்வளவு மெதுவாக இருக்கிறதோ, ஒலிக்குச் சொந்தமான பொருள் அவ்வளவு பெரிதாக இருப்பதாக மனம் எண்ணிக்கொள்கிறது.

அடுத்து, தாழ் அதிர்வெண்களை மட்டும் விடும் ஃபில்டரை 600 ஹெர்ட்ஸ் அருகில் வையுங்கள். ஒலி எழும் நேரத்தை 4 விநாடியாகவும், விசையை விட்டபின் தேயும் நேரத்தை 8 விநாடியாகவும் மாற்றுங்கள். பிறகு ஓர் எல்எஃப்ஓவை (மற்றோர் அமைப்பை மெல்ல ஆட்டும், காதுக்குக் கேட்காத மெதுவான அலையை) 0.05 ஹெர்ட்ஸ் வேகத்தில் ஃபில்டரோடு இணையுங்கள். அந்த வேகத்தில் ஒரு சுற்று முடிய 20 விநாடி ஆகும். கேட்பவருக்கு மாற்றம் நடப்பது தெரியாது. மாறிவிட்டது என்பது மட்டும் தெரியும்.

எந்த ஸ்வரங்கள்? ஸ, ப, மேல் ஸ்தாயி ரி. காந்தாரத்தை (க) சேர்க்காதீர்கள். மேற்கத்திய இசைக்குப் பழகிய காது மகிழ்ச்சியா சோகமா என்று தீர்மானிப்பது பெரும்பாலும் அதைக் கொண்டுதான். அது இல்லாதபோது கூட்டொலி எந்த உணர்ச்சிக்கும் கட்டுப்படாமல் திறந்தே இருக்கும். 1990-க்கான பகுதியில், பூமி ஒரு புள்ளியாகத் தெரியும் இடத்தில், காந்தாரத்தை முதன்முறையாக உள்ளே விடுங்கள். அதுவரை காத்திருந்ததன் பலன் அங்கே தெரியும்.

4. தொலைவை உண்டாக்குதல்

ஓர் ஒலியைத் தள்ளி வைக்கப் பலர் அதன் அளவை மட்டும் குறைக்கிறார்கள். அப்படிச் செய்தால் அருகில் இருக்கும் சிறிய ஒலிதான் கிடைக்கும். மூன்றைச் சேர்த்துச் செய்ய வேண்டும்: உயர் அதிர்வெண்களை மழுக்குங்கள், நேரடி ஒலியைக் குறைத்து ரிவெர்பை (அறையின் எதிரொலிப்பை) கூட்டுங்கள், ரிவெர்பின் முன்தாமதத்தை (நேரடி ஒலிக்கும் எதிரொலிப்பின் தொடக்கத்துக்கும் நடுவே உள்ள நேரத்தை) சுழியத்துக்குக் கொண்டுவாருங்கள். பெரிய அறையில் அருகே நிற்பவரின் குரல் முதலில் வரும், எதிரொலிப்பு சற்றுப் பின்னால் வரும். மறுகோடியில் நிற்பவரின் குரலும் எதிரொலிப்பும் ஏறக்குறைய ஒன்றாகவே வந்து சேரும். காது இந்த இடைவெளியைத்தான் அளக்கிறது.

ரிவெர்ப் தேயும் நேரம் 10 முதல் 15 விநாடி வரை இருக்கலாம். ஆனால் ரிவெர்பின் வெளியீட்டில் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழ் உள்ளதை வெட்டிவிடுங்கள். இல்லையேல் அடியில் கலங்கல் சேர்ந்து எல்லாவற்றையும் மூடிவிடும்.

எல்லாமே தொலைவில் இருந்தால் தொலைவு தெரியாது என்பதையும் கவனியுங்கள். ஒவ்வொரு பகுதியிலும் ஏதேனும் ஒன்று, ரிவெர்பே இல்லாமல், காதருகே இருக்கட்டும்: ஒரு சன்னமான இரைச்சல், ஒரு மூச்சு, ஒரு மெல்லிய தட்டல். அது கேட்பவர் இருக்கும் இடம். மற்றவை அனைத்தையும் அவர் அங்கிருந்து அளந்துகொள்வார்.

5. ஒளி எடுக்கும் நேரமும் எதிரொலியும்

நிலவிலிருந்து ஒளி நம்மை அடைய சுமார் 1.28 விநாடி ஆகிறது. முதல் பகுதியில் டிலேயை (ஒலியைச் சற்று நேரம் கழித்துத் திருப்பி ஒலிக்கும் விளைவை) அதே 1.28 விநாடிக்கு அமையுங்கள். வியாழனிலிருந்து ஒளி வர அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். 1990-இல் வாயேஜர் இருந்த இடத்திலிருந்து ஐந்தரை மணி நேரம். இப்போது 22 மணி நேரத்துக்கும் மேல். இதையெல்லாம் டிலேயில் வைக்க முடியாது. ஆனால் அந்த வளர்ச்சியை வைக்கலாம்: இரண்டாம் பகுதியில் 3 விநாடி, மூன்றாவதில் 6 விநாடி. கடைசிப் பகுதியில் டிலேயை நீக்கிவிடுங்கள். அங்கே பதிலுக்குக் காத்திருக்கும் நேரம் எந்த டிலேயிலும் அடங்காது. காரணம் புரியாவிட்டாலும் கேட்பவர் அந்த இழப்பை உணர்வார் என்பது என் உறுதியான நம்பிக்கை.

6. லூப்களைச் சுற்றுப்பாதைகளாக அமையுங்கள்

ஆம்பியன்ட் இசையில் ஆல்பத்துக்கு உயிர் கொடுக்கும் உத்தி இதுதான். வெவ்வேறு நீளமுள்ள ஒலிநாடா வளையங்களை ஒரே நேரத்தில் ஓடவிடும் முறையை ஆங்கில இசைக்கலைஞர் பிரையன் ஈனோ 1970-களில் கையாண்டார். நமக்கு நாடா தேவையில்லை.

வியாழன் பகுதிக்கு அதன் நிலவுகளையே கேளுங்கள். கானிமீட் ஒருமுறை சுற்றும் நேரத்தில் யூரோப்பா இரண்டு முறையும் ஐயோ நான்கு முறையும் சுற்றுகின்றன. ஆகவே 32, 16, 8 விநாடி நீளத்தில் மூன்று லூப்களை (திரும்பத் திரும்ப வரும் ஒலித்துண்டுகளை) உருவாக்குங்கள். ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு ஸ்வரம், மீதி மௌனம். அந்த மௌனத்தையும் சேர்த்தே ஒரு துண்டாக ஒட்டிக்கொள்ளுங்கள். ரீப்பரில் ஒலித்துண்டின் வலது ஓரத்தை இழுத்தால் அது திரும்பத் திரும்ப வரும். யூரோப்பாவை மட்டும் 8 விநாடி தாமதமாகத் தொடங்குங்கள். ஐயோ மற்ற இரண்டோடும் தனித்தனியே சந்திக்கும், ஆனால் மூன்றும் ஒருபோதும் ஒன்றாக ஒலிக்காது. வானத்திலும் இந்த மூன்று நிலவுகள் ஒரே பக்கத்தில் ஒரே வரிசையில் வந்து நிற்பதில்லை.

கடைசிப் பகுதிக்கு இந்த ஒழுங்கைக் கலையுங்கள். 17, 23, 29 விநாடி என்ற பகா எண் நீளங்களை எடுத்துக்கொண்டால், மூன்றும் தொடங்கிய நிலைக்குத் திரும்ப 11,339 விநாடி ஆகும். அதாவது மூன்று மணி நேரத்துக்கு மேல். எட்டு நிமிடத்தில் மூன்றும் சேர்ந்த எந்தச் சேர்க்கையும் இரண்டாம் முறை வராது. கோள்களின் ஒழுங்கை விட்டு வெளியேறிய கலத்துக்கு இதைவிடப் பொருத்தமான அமைப்பு எனக்குத் தெரியவில்லை.

7. விண்கலம் உண்மையில் பதிந்தவை

வெற்றிடத்தில் ஒலி பரவாது. ஆனால் வாயேஜரில் பிளாஸ்மா (மின்னூட்டம் பெற்ற வாயு) அலைகளைப் பதியும் கருவி உண்டு. அந்த அலைகளின் அதிர்வெண் மனிதக் காது கேட்கும் எல்லைக்குள் வருவதால் அவற்றை ஒலியாக மாற்றிக் கேட்க முடிகிறது. வியாழனில் மின்னல் உண்டு என்பதற்கான தடயமும் அப்படித்தான் கிடைத்தது: உச்சத்திலிருந்து வழுக்கி இறங்கும் விசில் போன்ற ஓர் ஓசை. சைன் அலை (ஒரே அதிர்வெண் கொண்ட தூய ஒலி) ஒன்றை 6 கிலோஹெர்ட்ஸிலிருந்து 1 கிலோஹெர்ட்ஸுக்கு இரண்டு விநாடியில் இறக்கி, மிகக் குறைந்த அளவில் நீங்களே அதைச் செய்துவிடலாம். சூரியக் காற்றின் எல்லைக்கு அப்பால் பதிவானவை 2 முதல் 3 கிலோஹெர்ட்ஸுக்கு இடைப்பட்ட மெல்லிய கீச்சொலிகள். பிளாஸ்மாவின் அடர்த்தி கூடக்கூட அந்தச் சுருதியும் ஏறியது. கடைசிப் பகுதியின் முடிவில் அப்படி ஒரு சைன் அலையை, ஒரு நிமிடம் எடுத்துக்கொண்டு, மிக மெல்ல ஏற்றுங்கள்.

மூலப்பதிவே வேண்டுமென்றால் நாசாவின் தளத்தில் கிடைக்கும். நாசா தானே உருவாக்கும் ஒலிகளுக்குப் பொதுவாகப் பதிப்புரிமை இல்லை. மூலத்தைக் குறிப்பிடுங்கள், நாசாவின் சின்னத்தை அட்டையில் போடாதீர்கள், உங்கள் ஆல்பத்தை அவர்கள் பரிந்துரைப்பது போன்ற தோற்றமும் வரக்கூடாது.

காதருகே இருக்க வேண்டிய ஒலிக்கு உங்கள் சொந்தப் பதிவு நல்லது. தண்ணீர்க் குழாய், மின்விசிறி, எதுவானாலும் பத்து விநாடி கைபேசியில் பதியுங்கள். அதையே ஆடாசிட்டியின் பால்ஸ்ட்ரெட்ச் விளைவில் பத்து மடங்கு நீட்டினால் நூறு விநாடிக்கு ஒரு மேகம் போலப் பரவும். அதைத் தொலைவில் வையுங்கள். அருகிலும் தொலைவிலும் ஒரே மூலம் இருப்பதால் பகுதி சிதறாமல் நிற்கும்.

8. மிக்ஸிங், மாஸ்டரிங் (ஒலிகளைக் கலத்தலும் இறுதி மெருகும்)

மிகக் குறைந்த ஒலியளவில் ஒருமுறை முழுவதும் கேளுங்கள். உறுத்தும் ஒலி எதுவோ அதைக் குறையுங்கள். கம்ப்ரஸரை (உரத்த ஒலியைத் தணித்து அளவைச் சமப்படுத்தும் விளைவை) அளவோடு பயன்படுத்துங்கள். அமைதிக்கும் உச்சத்துக்கும் உள்ள வித்தியாசத்தை நசுக்கினால் இவ்வளவு உழைத்துக் கட்டிய தொலைவு தட்டையாகிவிடும். ஸ்ட்ரீமிங் தளங்கள் பல ஏறத்தாழ மைனஸ் 14 எல்யுஎஃப்எஸ் (காது உணரும் சத்தத்தை அளக்கும் அலகு) அளவுக்குச் சத்தத்தைச் சமன் செய்கின்றன. ஆம்பியன்ட் இசை மைனஸ் 18 அளவில் இருந்தாலும் குறையில்லை. உச்சம் மைனஸ் 1 டெசிபலைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான்கு பகுதிகளையும் இடைவெளியின்றி இணைக்க விரும்பினால், ஒவ்வொன்றின் கடைசி ரிவெர்பும் முழுவதுமாகத் தேய்ந்த பிறகே கோப்பை வெட்டுங்கள். பகுதியின் முடிவுக்குப் பின் 20 விநாடி கூடுதலாக விட்டு ஏற்றுமதி செய்தால் வால் அறுபடாது. 24 பிட் வேவ் கோப்பாகச் சேமியுங்கள். எம்பி3 வேண்டுமென்றால் அதிலிருந்து பிறகு எடுத்துக்கொள்ளலாம். தளத்தில் ஏற்றுவதற்கு முன் பகுதிகளின் வரிசை எண் கோப்புப் பெயரில் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். டிலே நீண்டுகொண்டே போய் மறைவது இந்த வரிசையில் கேட்டால்தான் புரியும்.