காவோர் ஒயின்ல எல்லாரும் பண்ற தப்புங்க

காவோர் ஒரு பாட்டில் வாங்கி ரெண்டு வாய் குடிச்சுட்டு, "என்னய்யா இது, நாவப்பழம் தின்ன மாதிரி நாக்கு இழுக்குது"ன்னு மூடி வச்சிடுறவங்கதான் ஜாஸ்தி. ஒயின் மேல தப்பில்ல, அதை வெறும் வாயில குடிச்சாங்க பாருங்க, அங்கதான் தப்பு.

இது தென்மேற்கு பிரான்ஸ்ல லோத் ஆத்தோரம் விளையுற ரெட் ஒயின், 1971ல அந்த ஊர் பேருக்குன்னு ஏஓசி அந்தஸ்து (இந்த ஊர்ல, இந்த விதிப்படி செஞ்சதுன்னு பிரான்ஸ்ல குடுக்கிற முத்திரை) கிடைச்சுது, குறைஞ்சது 70 சதவீதம் மால்பெக் திராட்சை இருக்கணும், மீதிக்கு மெர்லோ, தனான்னு வேற ரக திராட்சை சேத்துக்கலாம். கிளாஸ்ல ஊத்துனா மறுபக்கம் தெரியாத அளவுக்கு கருஞ்சிவப்பு, ப்ளம், அதிமதுரம், லேசா வயலட் பூ வாசம், அப்புறம் நாக்கை இழுக்கிற அந்த துவர்ப்புச் சத்து, அதான் டானின், டானின், டானின்.

அர்ஜென்டினா மால்பெக் குடிச்சு பழகிட்டு அதே டேஸ்ட் வரும்னு இதை வாங்குறது இன்னொரு தப்பு. 1853 வாக்குல மிஷேல் பூஜேங்கிற பிரெஞ்சு வேளாண் நிபுணர் அர்ஜென்டினாவுக்கு கொண்டுபோன அதே பிரெஞ்சு திராட்சைதான், ஆனா அது விளையுற மெண்டோசா ஆண்டிஸ் மலை அடிவாரத்துல உசரத்துல இருக்கு, மழை கம்மி, வெயில் சுள்ளுனு அடிக்கும், பழம் நல்லா கனிஞ்சு ஒயின் மெத்துனு வரும். காவோர்ல புளிப்பும் துவர்ப்பும் தூக்கலாதான் இருக்கும், அது குறை இல்லீங்க, அதோட குணமே அதான்.

இப்ப சாப்பாட்டுக்கு வருவோம். டானின் நம்ம எச்சில்ல இருக்கிற புரோட்டீனை பிடிச்சுக்கும், அதனாலதான் வாய் வறண்டு போறது, கூடவே கொழுப்பும் புரோட்டீனும் உள்ள கறி இருந்தா அந்த துவர்ப்பு அடங்கிடும். அந்த ஊர்க்காரங்க இதுக்கு வாத்து கான்ஃபி வைப்பாங்க, அதாவது வாத்து காலை உப்புல ஊறவச்சு, அதோட சொந்த கொழுப்புலயே சின்ன தீயில மணிக்கணக்கா வேகவச்சு, பரிமாறுறதுக்கு முன்னாடி தோல் மொறுமொறுனு ஆகுறவரைக்கும் வறுப்பாங்க, பக்கத்துல அதே கொழுப்புல பூண்டு போட்டு வறுத்த உருளைக்கிழங்கு. ஒரு வாய் கறி, ஒரு மடக்கு ஒயின்னு போனா வாயில இருக்கிற பிசுக்கை ஒயின் கழுவிடும், ஒயினோட முரட்டுத்தனத்தை கொழுப்பு தணிச்சிடும். காவோரைச் சுத்தி இருக்கிற கெர்சி வட்டாரத்து ஆட்டுக்குட்டி கறியும் நல்ல ஜோடி. கொழுப்பே இல்லாத கோழி நெஞ்சுக்கறி, மீன் இதெல்லாம் வேண்டாம், மீனோட சேர்ந்தா வாயில இரும்பு வாடைதான் மிஞ்சும். காரமும் அப்படித்தான், மிளகா எரிச்சலும் ஆல்கஹாலும் ஒண்ணை ஒண்ணு ஏத்தி விட்டுடும்.

நிறைய பேர் ஏமாறுற இடம் சீஸ். ரோக்கமடூர் ஆட்டுப்பால் சீஸ் பக்கத்து ஊர் சரக்குதானே, பொருந்தும்னு தட்டுல வைக்கிறாங்க, அந்த பச்சை புளிப்போட இந்த டானின் சேர்ந்தா கசப்புதான். அதுக்கு வொயிட் ஒயின் வச்சுக்கோங்க, காவோருக்கு ஒஸோ இராட்டி மாதிரி கெட்டியான செம்மறிப்பால் சீஸ் தேவலை.

அப்புறம் சூடு. "ரூம் டெம்பரேச்சர்"னு 30 டிகிரியில ஊத்துனா ஆல்கஹால் மூக்குல ஏறும், வேற ஒண்ணும் தெரியாது, 16லேர்ந்து 18 டிகிரி இருக்கணும், அதனால அந்த அளவுக்கு ஆறுற வரைக்கும் ஃப்ரிட்ஜ்ல வைங்க, ரெட் ஒயினை ஃப்ரிட்ஜ்ல வைக்கக்கூடாதுன்னு சொல்றவங்க சொல்லிட்டு போகட்டும். இளசா இருக்கிற பாட்டில்னா டிகாண்டர்ல, அதாவது அடி அகலமான கண்ணாடி ஜாடியில ஊத்தி ஒரு மணி ரெண்டு மணி நேரம் காத்தாட விடுங்க, கார்க்கை மட்டும் கழட்டி வச்சா அந்த சின்ன வாய் வழியா என்ன காத்து போயிடப்போகுது.

ரொம்ப பவ்யமா நடத்துறதும் தேவையில்ல. அந்த பக்கத்து கிராமத்துல சூப் முடியுறப்ப கிண்ணத்து அடியில கொஞ்சம் மிச்சம் வச்சு அதுல ரெட் ஒயினை ஊத்தி கலக்கி கிண்ணத்தையே தூக்கி குடிப்பாங்க, ஷப்ரோல்னு பேரு. நீங்களும் பண்ணிப்பாருங்க, பதினஞ்சு வருஷ பாட்டிலை மட்டும் அதுல ஊத்திடாதீங்க, இருக்கிறதுலயே சல்லிசான காவோர் போதும்.