மின்சாரக் காரின் ஸ்டீயரிங் உதவியைக் குமரி மாவட்டச் சாலைகளில் பயன்படுத்தும் முறை

இப்போது வரும் மின்சாரக் கார்களில் ஸ்டீயரிங் சார்ந்த உதவிகள் பெரும்பாலும் மூன்று. சாலைக்கோட்டைத் தாண்டினால் ஒலியெழுப்பி எச்சரிப்பது ஒன்று. கோட்டை நெருங்கும்போது மட்டும் வண்டியை உள்ளே திருப்பிவிடும் லேன் கீப் அசிஸ்ட் மற்றொன்று. தடத்தின் நடுவிலேயே வண்டியைத் தொடர்ந்து பிடித்துச் செல்ல முயலும் லேன் சென்டரிங் மூன்றாவது. மூன்றையும் ஒரே பொத்தானாக எண்ணி, எப்போதும் போட்டே வைப்பதும் எரிச்சல்பட்டு எல்லாவற்றையும் அணைத்துவிடுவதும் சரியல்ல; எந்தச் சாலைக்கு எது என்று பிரித்துக்கொள்ள வேண்டும். ஏடாஸ் (ADAS, ஓட்டுநர் உதவித் தொழில்நுட்பம்) லெவல் 2 என்று விளம்பரத்தில் எவ்வளவு பெரிதாகப் போட்டிருந்தாலும், வண்டிக்கு முழுப் பொறுப்பு ஓட்டுபவருடையதே.

முன்கண்ணாடியின் மேற்பகுதியில் உள்ள கேமரா சாலைக்கோடுகளைப் பார்க்கிறது. அதன் கணிப்புப்படி மின் ஸ்டீயரிங்கின் மோட்டார் சிறிது விசை கொடுக்கிறது. கோடு தெரியாவிட்டால் உதவியும் இல்லை. பல கார்களில் கோடுகள் பிடிபட்டதும் திரையில் அவற்றின் நிறம் மாறும். அந்த நிறத்தை அவ்வப்போது பார்த்துக்கொள்ளும் பழக்கம் அவசியம். ஏனென்றால் வளைவின் நடுவில் கோடு மறைந்தால் உதவி பெரிய சத்தமில்லாமல் விலகிக்கொள்ளும்.

லேன் சென்டரிங்கைப் பழகுவதற்கு ஏற்ற இடம், காவல்கிணற்றைத் தாண்டித் திருநெல்வேலி நோக்கிச் செல்லும் நாற்கரச் சாலை. பகலில், மழையில்லாத வேளையில், இடப்பக்கத் தடத்தில் சென்றபடி அதை இயக்கி, வளைவுகளில் எவ்வளவு திருப்புகிறது, எங்கே கைவிடுகிறது என்பதைக் கவனிக்கலாம். ஆனால் நாகர்கோவிலிலிருந்து அங்கே போகும் வழியில், தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில், ஆரல்வாய்மொழிக் கணவாயும் முப்பந்தலும் தனிக் கவனம் கேட்பவை. காற்றாலைகளைச் சுழற்றும் அதே காற்றுதான் காரையும் தள்ளுகிறது. லாரியை முந்தும்போது அதன் மறைவில் காற்று நின்றுவிடும்; லாரியின் முகப்பைக் கடந்த நொடியில் மீண்டும் பக்கவாட்டில் வந்து அறையும். வண்டி நகர்ந்த பிறகே கேமரா அதை உணர்ந்து திருத்தத் தொடங்குவதால், அந்த இடைவெளியை நிரப்ப வேண்டியவை நம் கைகள். ஆகவே அப்பகுதியில் வேகத்தைக் குறைத்து, இரு கைகளாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்து, சென்டரிங்கை அணைத்துவிடுவது நல்லது.

நாகர்கோவிலிலிருந்து தக்கலை, மார்த்தாண்டம் வழியாகக் களியக்காவிளை செல்லும் தேசிய நெடுஞ்சாலை 66-இன் கதை வேறு. சாலையோரம் திடீரென ஓர் ஆட்டோ நிற்கிறது. நீங்கள் இண்டிகேட்டர் போடாமல் வலப்பக்கம் ஒதுங்குகிறீர்கள். நடுக்கோட்டைத் தொடப்போவதாகக் கருதும் லேன் கீப் அசிஸ்ட், ஸ்டீயரிங்கை ஆட்டோ நிற்கும் பக்கமாகவே திருப்ப முயல்கிறது. அந்த விசை மனிதக் கை எளிதில் மீறக்கூடிய அளவுக்கே வைக்கப்பட்டிருக்கிறது. எனவே பதறாமல் உறுதியாகத் திருப்பினால் போதும். இண்டிகேட்டரைப் போட்டிருந்தால் பெரும்பாலான கார்களில் இந்தக் குறுக்கீடே வராது. இருப்பினும் நூறடிக்கு ஒருமுறை யாருக்காவது ஒதுங்க வேண்டியிருக்கும் இச்சாலையில் எச்சரிக்கையை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் நிறுத்திவிடுவதே என் பரிந்துரை. பல கார்களில் ஒவ்வொரு முறை வண்டியை இயக்கும்போதும் லேன் கீப் அசிஸ்ட் தானாகவே திரும்ப வந்துவிடும் என்பதால், புறப்படும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கத்து ரப்பர்த் தோட்டச் சாலைகளில் நிழலும் வளைவும் தேய்ந்த கோடுகளும் சேர்ந்துவிடுவதால் எதையும் எதிர்பார்க்க வேண்டாம்.

மின்சாரக் காருக்கே உரிய ஒன்றும் உண்டு. சென்டரிங்கைப் பெரும்பாலும், வேகத்தைத் தானாகவே பார்த்துக்கொள்ளும் குரூஸ் கன்ட்ரோலுடன் சேர்த்தே பயன்படுத்துகிறோம். ஆக்சிலரேட்டரில் கால் வைக்காமல் குரூஸை ரத்து செய்தால், ரீஜென் (காலை எடுத்ததும் மோட்டாரே வேகத்தைக் குறைத்து பேட்டரிக்கு மின்சாரம் திருப்பும் வசதி) அதிகமாக வைக்கப்பட்ட காரில் வேகம் சட்டெனக் குறையும். பின்னால் ஒட்டி வரும் பேருந்துக்காரர் அதை எதிர்பார்த்திருக்க மாட்டார். முதலில் ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்துக்கொண்டு, பிறகு ரத்து செய்யுங்கள்.

ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டே இருந்தும் ‘ஸ்டீயரிங்கைப் பிடிக்கவும்’ என்ற எச்சரிக்கை வருவதாகப் பலர் குறைபட்டுக்கொள்வார்கள். சில கார்கள் கையின் தொடுதலை உணரும். சிலவற்றுக்குத் திருப்புவிசை தெரிய வேண்டும். இரண்டாம் வகையில் ஒரு கையின் எடை சற்றே ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் போதும். எச்சரிக்கையை ஏமாற்ற ஸ்டீயரிங்கில் எடை கட்டுவது உயிரோடு விளையாடுவது.

குளச்சல், முட்டம் போன்ற கடலோர ஊர்களில் வண்டியை நிறுத்துபவர்கள் முன்கண்ணாடியில் படியும் உப்புப் படலத்தைக் கேமரா இருக்கும் இடம்வரை துடைக்க வேண்டும். மாலையில் நாகர்கோவிலிலிருந்து தக்கலை நோக்கிச் செல்லும்போது எதிர்வெயில் நம் கண்ணைப் போலவே கேமராவின் கண்ணையும் கூசச்செய்யும். ஃபாஸ்டேக்கையும் சாமி படத்தையும் கேமராவின் பார்வைக்குக் குறுக்கே ஒட்டக் கூடாது. கல் தெறித்து முன்கண்ணாடியை மாற்ற நேர்ந்தால், கேமராவுக்கு மீண்டும் காலிபரேஷன் (பார்வையைச் சரியாக அமைத்தல்) செய்து தருவார்களா என்று முதலிலேயே கேட்டு, அந்தச் செலவும் காப்பீட்டில் வருமா என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்டு வண்டியை விடுங்கள்.