நீச்சல் குளத்துக் குளோரினும் குழந்தையின் மூச்சும்

உள்ளரங்க நீச்சல் குளத்தின் கதவைத் திறந்ததுமே மூக்கில் ஏறும் நெடியைச் சுத்தத்தின் அடையாளம் என்று பலர் கருதுகிறார்கள்; உண்மை அதற்கு நேர்மாறானது. குளோரின் நம் வியர்வையிலும் சிறுநீரிலும் உள்ள நைட்ரஜன் சேர்மங்களுடன் வினைபுரியும்போது உருவாகும் டிரைகுளோரமைன் என்ற வாயுவே அந்த நெடிக்கு முக்கியக் காரணம். அது நீர்ப்பரப்பை ஒட்டியே, அதாவது நீந்துபவர் வாய் திறந்து காற்றை இழுக்கும் அதே உயரத்தில் தங்குவதால், கண் எரிச்சலும் இருமலும், ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மூச்சிறைப்பும் உண்டாகலாம்.

ஆகவே, குழந்தையைப் பயிற்சியில் சேர்க்கும் முன் நீங்களே கரையோரம் சற்று நேரம் அமர்ந்து பாருங்கள். கண் கரித்தால் அந்தக் குளம் வேண்டாம். பராமரிப்பாளரிடம் அன்றைய அளவுகளைத் தயங்காமல் கேளுங்கள்: கட்டற்ற குளோரின் (இன்னும் எதனோடும் வினைபுரியாமல் கிருமியைக் கொல்லத் தயாராக உள்ள குளோரின்) லிட்டருக்கு 1 முதல் 3 மில்லிகிராம் வரையும், நீரின் அமில-காரத் தன்மையைக் காட்டும் பிஎச் 7.2 முதல் 7.8 வரையும் இருக்கலாம். மொத்தக் குளோரினிலிருந்து கட்டற்றதைக் கழித்தால் கிடைக்கும் இணைந்த குளோரின், அதாவது அழுக்குடன் ஏற்கெனவே வினைபுரிந்துவிட்ட பகுதி, லிட்டருக்கு 0.4 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது.

நீரில் இறங்கும் முன் தலையிலுள்ள எண்ணெய் போக ஒரு நிமிடமாவது ஷவரில் குளிக்கச் செய்யுங்கள். மணிக்கொரு முறை கழிப்பறைக்கு அனுப்புங்கள். ஆஸ்துமா உள்ள குழந்தையானால், இன்ஹேலர் பையின் அடியில் கிடக்காமல் கரையிலேயே கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். இழுப்பு தொடங்கினால் உடனே வெளிக்காற்றுக்கு அழைத்து வந்து, மருத்துவர் சொன்னபடி மருந்தைக் கொடுங்கள்; மூச்சு சீராகாவிட்டால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.