காய்ச்சலுக்குக் காரணம் சென்ட்ரல் லைன்தானா?

தீவிர சிகிச்சைப் பிரிவில் சென்ட்ரல் லைன் (கழுத்து போன்ற இடத்திலுள்ள பெரிய சிரை வழியாக இதயத்தருகே செலுத்தும் மெல்லிய குழாய்) போட்டிருக்கும் நோயாளிக்குப் புதிதாகக் காய்ச்சலோ குளிர்நடுக்கமோ வந்தால், லைன் நுழையும் இடத்தை முதலில் பாருங்கள். அங்கே சீழ் இருந்தால் ஐயம் வலுக்கிறது. ஆனால் தோல் சுத்தமாக இருப்பதால் மட்டும் தொற்று இல்லை என்று முடிவு கட்ட முடியாது. இராமநாதபுரம் கடற்கரையின் புழுக்கத்தில் வியர்வையால் பிளாஸ்திரி ஓரம் கிளம்பித் தோல் சிவப்பது வழக்கம் என்பதால், அந்தச் சிவப்பை அப்படியே தொற்றாகக் கொள்வதும் தவறு. நுரையீரல், சிறுநீர், அறுவைப் புண் ஆகியவற்றையும் சோதித்துவிடுங்கள்.

முடிவைத் தருவது இரத்த கல்ச்சர்தான், அதாவது இரத்தத்தைப் பாட்டிலில் வைத்துக் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனை. ஆன்டிபயாடிக் தொடங்குவதற்கு முன்பே, ஒரே நேரத்தில், லைனிலிருந்து ஒரு மாதிரியும் கையிலுள்ள சிரையில் புதிதாகக் குத்தி மற்றொரு மாதிரியும் எடுக்க வேண்டும். நோயாளி அதிர்ச்சி நிலையில் (இரத்த அழுத்தம் ஆபத்தாகச் சரிந்து) இருந்தால் மாதிரியை விரைந்து எடுத்துவிட்டு மருந்தைத் தாமதிக்காமல் கொடுக்க வேண்டும். லைனின் வாயை ஆல்கஹாலால் அழுத்தித் தேய்த்து, அது உலரும் வரை பொறுத்திருங்கள். ஈரக்காற்றில் உலரச் சற்று நேரம் பிடிக்கும், அங்கே அவசரப்படுபவர்களே அதிகம். பெரியவர்களுக்குப் பாட்டில் ஒன்றுக்கு 8 முதல் 10 மி.லி., இரண்டு மாதிரியிலும் ஒரே அளவு. லேபிளில் 'வலது கழுத்து லைன்', 'இடது கை' என்று இடத்தையும் நேரத்தையும் எழுதுங்கள். வெறுமனே 'இரத்தம்' என்று எழுதி வந்த இரண்டு பாட்டில்களை ஒருமுறை கையில் வைத்துக்கொண்டு எது எங்கே எடுத்தது என்று தெரியாமல் விழித்திருக்கிறேன்.

இரண்டிலும் ஒரே கிருமி வளர்ந்து, லைன் பாட்டில் மற்றதைவிட 2 மணி நேரமோ அதற்கு மேலோ முந்திக்கொண்டு கருவியில் பாசிட்டிவ் காட்டினால், தொற்றின் ஊற்று லைன்தான் என்று பெரும்பாலும் கொள்ளலாம். மதுரை ஆய்வகத்துக்கு அனுப்பும் சிறிய மருத்துவமனைகள் இங்கே கவனிக்க வேண்டும்: பாட்டில்களைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்காமல், வெயிலில் நிற்கும் வண்டியிலும் விட்டுவைக்காமல், இரண்டையும் சேர்த்தே விரைந்து அனுப்ப வேண்டும், வழியிலேயே கிருமி வளரத் தொடங்கிவிட்டால் அந்த நேர வித்தியாசத்தை நம்ப முடியாது.

தோலில் இயல்பாக வாழும் ஸ்டெஃபிலோகாக்கஸ் வகை பாக்டீரியா ஒரே ஒரு பாட்டிலில் மட்டும் வந்தால் பெரும்பாலும் அது மாசுதான் (மாதிரி எடுக்கும்போது தோலிலிருந்து கலந்தது). ஆனால் அதே இனத்தின் வீரியமிக்க ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸோ, கேண்டிடா என்ற பூஞ்சையோ ஒன்றில் வந்தாலும் அலட்சியம் கூடாது. தொற்று ஐயத்தால் லைனை எடுத்துவிட்டால் மட்டும் அதன் நுனி 5 செ.மீ. துண்டைக் கல்ச்சருக்கு அனுப்புங்கள். அந்தத் துண்டைக் கிருமி வளர்க்கும் தட்டில் உருட்டும் முறையில் 15 காலனிகளுக்கு (கிருமித் திட்டுகளுக்கு) மேல் வளர்ந்து, அதே கிருமி கை இரத்தத்திலும் இருந்தால் லைன் தொற்று உறுதியாகிறது.