கேத்தல் படத்தை எப்படிப் பார்ப்பது?

கொழும்பு ஏழில் ஆனந்த குமாரசுவாமி மாவத்தை நடைபாதையில் படங்களைச் சாத்தி வைத்து விற்பார்களே, கண்டிருப்பீர்கள். பெயர் மாறி எவ்வளவு காலமானாலும் எங்களுக்கு அது கிறீன் பாத்தான். 1993 முதல் கலா பொல ஓவியச் சந்தை கூடுவதும் அங்கேதான். போன கிழமை யானை, பெரஹரா படங்களுக்கு நடுவே ஒரு அலுமினியக் கேத்தல், நீர்வண்ணத்தில். "இதில என்ன கிடக்கு? எங்கட குசினியிலயும் இருக்கே" என்றாள் தங்கச்சி. அவளுக்குச் சொன்னதுதான் இது.

1. ஏழெட்டு அடி தள்ளி நின்று, கண்ணைப் பாதி மூடிப் பாருங்கள். இருட்டும் வெளிச்சமும் மட்டும் மிஞ்சும். அப்போதும் கேத்தல் உருண்டையாகத் தெரிகிறதா? சரி, கிட்டப் போகலாம்.

2. வெள்ளையைத் தேடுங்கள். இதில் அவசரம் வேண்டாம். எண்ணெய் ஓவியத்தில் மினுக்கத்தைக் கடைசியில் வெள்ளை நிறத்தால் வைத்துவிடலாம். நீர்வண்ணத்தில் வெள்ளை என்பது பெரும்பாலும் வெறும் கடதாசி. கேத்தலின் வயிற்றில் ஜன்னல் வெளிச்சம் விழுந்த நகமளவு இடத்தை, முதல் துளி நிறம் வைக்கும் முன்பே தீர்மானித்து, கடைசிவரை தொடாமல் விட்டிருக்கிறார் ஓவியர். தவறிப் பட்டால் ஈரப் பிரஷ்ஷால் ஓரளவு ஒற்றி எடுக்கலாம். பழைய வெள்ளை வராது. மேலே வெள்ளை குவாஷ் (அடியில் உள்ளதை மறைக்கும் தடித்த நீர்வண்ணம்) வைத்துச் சமாளிப்பவர்களும் உண்டு. எனக்கென்னவோ விட்டுவைத்த கடதாசிதான் வடிவு.

3. அப்புறம் விளிம்பு. காய்ந்த கடதாசியில் வைத்த நிறம் வெட்டினாற்போல நிற்கும். ஈரத்தில் வைத்தது கசிந்து பரவும். அந்தக் கேத்தலின் மூக்கு கூர்மையாக இருந்தது. நிழல் பக்கமோ சுவரோடு கரைந்து, கோடே இல்லை.

4. நிழலில் கறுப்பைத் தேடாதீர்கள். அல்ட்ராமரீன் நீலத்தையும் பர்ன்ட் சியன்னா பழுப்பையும் கலந்தாலே ஆழமான சாம்பல் வரும். நீலத் துகள்கள் கடதாசியின் குழிகளில் தங்கிப் பொரிப்பொரியாகத் தெரியும். கரி பிடித்த அடிப்பாகம் அப்படித்தான் வந்திருந்தது.

5. கைபிடிக்குப் பக்கத்தில் பூக்கோவா மாதிரி ஒரு கறை. நிறம் பாதி காய்ந்திருக்கும்போது தண்ணீர் பட்டால் அப்படி ஆகும். கொழும்புப் புழுக்கத்தில் கடதாசி லேசில் காயாது. பொறுமையில்லாமல் நானே எத்தனையோ கெடுத்திருக்கிறேன். இங்கே பார்த்தால் ஆவி போலவும் இருந்தது. பிழையா, வேண்டுமென்றே விட்டதா? தங்கச்சியும் நானும் இன்னும் வாதாடுகிறோம்.

வாங்குவதென்றால் படத்தில் கண்ணாடி முட்டாதபடி மவுண்ட் (படத்தைச் சுற்றி வைக்கும் தடித்த அட்டை) வைத்துச் சட்டம் போடுங்கள். நேர் வெயிலும் ஈரச் சுவரும் ஆகாது.