டேப்பெட் சத்தத்தை அடக்காதீர்கள், இடைவெளியை அளந்து வையுங்கள்

பைக் இன்ஜினின் தலைப்பகுதியான ஹெட்டில், வால்வை இயக்கும் டேப்பெட்டிலிருந்து டிக் டிக் என்று சத்தம் வந்தால், "கொஞ்சம் டைட் வெச்சுடுங்க" என்று நாமே மெக்கானிக்கிடம் கேட்கிறோம். சத்தம் நின்றுவிடும். வால்வு கருகத் தொடங்குவதும் அங்கேதான்.

இன்ஜின் சூடானால் வால்வுத் தண்டு நீளும். அதற்காகத்தான் வால்வை அழுத்தித் திறக்கும் கையான ராக்கருக்கும் வால்வு நுனிக்கும் நடுவே சிறு இடைவெளி. அது இல்லாவிட்டால் வால்வு முழுதாக மூடாது. புகையை வெளியேற்றும் எக்ஸாஸ்ட் வால்வு தன் சூட்டின் பெரும்பகுதியை, மூடும்போது சென்று பதியும் வளையமான சீட்டில் உட்காரும் நேரத்தில்தான் இறக்கி வைக்கிறது. உட்கார விடாவிட்டால் விளிம்பு கருகும், கம்ப்ரெஷன் கசியும், காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும். இடைவெளி அதிகமானாலும் தேய்மானம் உண்டு. ஆனால் அது சத்தம் போட்டுக் காட்டிக் கொடுத்துவிடும். டைட்டான வால்வு கடைசி வரை வாய் திறக்காது.

சரி, வேலைக்கு வருவோம். இங்கே சொல்வது ஸ்க்ரூவால் இடைவெளியைச் சரிசெய்யும் ஒற்றை சிலிண்டர் பைக்குக்கு. ஆயில் அழுத்தத்தால் தானே சரிசெய்துகொள்ளும் ஹைட்ராலிக் டேப்பெட் என்றால் இந்த வேலையே இல்லை.

வண்டி இரவு முழுக்க ஆறியிருக்க வேண்டும். சூட்டில் அளந்தால் அளவு தப்பு. ஸ்பார்க் பிளக்கையும், ஹெட்டிலுள்ள இரண்டு டேப்பெட் மூடிகளையும், இன்ஜினின் இடது கவரிலுள்ள மூடிகளையும் கழற்றுங்கள். கிராங்க் நட்டில் ஸ்பேனர் போட்டு, இன்ஜின் ஓடும் திசையிலேயே மெதுவாகச் சுற்றி, கிராங்கோடு சுழலும் மேக்னட் சக்கரத்தில் உள்ள 'டி' குறியைக் கவரின் கோட்டுக்கு நேராக நிறுத்துங்கள்.

புதியவர்கள் தவறுவது இங்கேதான். இன்ஜினின் ஒரு முழு வேலைச் சுழற்சிக்கு கிராங்க் இரண்டு சுற்று சுற்றும்; அதனால் அந்தக் குறி இரண்டு முறை வரும். இரண்டு ராக்கரையும் விரலால் ஆட்டிப் பாருங்கள். இரண்டும் லேசாக ஆடினால் அதுதான் கம்ப்ரெஷன் முனை, அதாவது பிஸ்டன் உச்சியில், இரண்டு வால்வும் மூடிய நிலை. இறுகியிருந்தால் இன்னும் ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள்.

அளவை உங்கள் வண்டியின் கையேட்டில் பாருங்கள். சிறிய பைக்குகள் பலவற்றில் 0.05 முதல் 0.10 மில்லிமீட்டருக்குள் இருக்கும். எக்ஸாஸ்டுக்குத் தனி அளவும் இருக்கலாம். இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜில் அந்த அளவுள்ள மெல்லிய தகட்டை ராக்கருக்கும் வால்வு நுனிக்கும் நடுவே நுழைத்து இழுத்தால் லேசாகப் பிடித்தபடி வர வேண்டும். இல்லையென்றால் லாக் நட்டைத் தளர்த்தி ஸ்க்ரூவைத் திருப்புங்கள். நட்டை இறுக்கும்போது ஸ்க்ரூவும் கூடவே சுழலும். அதை அசையாமல் பிடித்துக்கொள்ளுங்கள். இறுக்கிய பிறகு மறுபடி அளக்காமல் மூடியைப் போடாதீர்கள்.

அப்புறம் மூடிகளின் ரப்பர் வளையமான ஓ-ரிங் வெடித்திருந்தால் மாற்றி, எல்லாவற்றையும் மூடி ஸ்டார்ட் செய்யுங்கள். மெல்லிய டிக் சத்தம் கேட்டால் அப்படியே விடுங்கள்.