ஏற்காடு ஏற்றத்தில் நம்மைப் பின்தங்க வைக்கும் கியர் தவறுகள்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குக் குழுவாகச் சைக்கிளில் கிளம்பினால், அஸ்தம்பட்டி, கோரிமேடு வரை எல்லோரும் ஒன்றாகத்தான் வருவோம். அடிவாரம் தாண்டி இரண்டு கொண்டை ஊசி வளைவு ஏறுவதற்குள் குழு துண்டு துண்டாகிவிடும். காலில் பலம் போதவில்லை என்று புதியவர்கள் மனம் தளர்ந்துவிடுகிறார்கள். நான் பார்த்தவரை அவர்களில் பலருக்குக் குறை காலில் இல்லை, கியரைத் தாமதமாக மாற்றுவதில்தான் இருக்கிறது.

முதலில், கனமான கியர் போட்டால்தான் வேகம் வரும் என்ற நம்பிக்கையை விடுங்கள். சாதாரண ரோடு சைக்கிளில் முன் பல்சக்கரத்தில் 50 பல், பின் பல்சக்கரத்தில் 11 பல் என்ற கனமான கியரில் நிமிடத்துக்கு 58 சுற்று மிதித்தால் மணிக்குச் சுமார் 33 கிலோமீட்டர் வரும். பின்னால் லேசான 17 பல்லுக்கு மாற்றி 90 சுற்று மிதித்தாலும் அதே 33தான். ஆனால் ஓமலூர் ரோட்டில் முன்னால் போகிறவர் திடீரென வேகம் கூட்டும்போது, 17 பல்லில் இருப்பவர் உடனே ஒட்டிக்கொள்வார். 11 பல்லில் இருப்பவர் முழங்கால் வலிக்க மிதித்தும் பத்தடி விட்டுவிடுவார். அந்தப் பத்தடிக்குள் எதிர்க்காற்று புகுந்துவிட்டால் திரும்பச் சேர்வது பெரும்பாடு.

குழுவின் முன்னால் வரும் முறை கிடைத்ததும் ஒரு கியர் கூட்டிப் பாய்வது இன்னொரு தவறு. மீட்டரில் இருந்த அதே வேகத்தில் போனாலே போதும்.

மலைப்பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள். நாம் சாலையின் இடது ஓரமாக ஏறுகிறோம். அதனால் இடது பக்கம் திரும்பும் வளைவுகளில் உட்புறம்தான் நம் வழி, அங்கே ஏற்றம் செங்குத்தாக இருக்கும். வளைவுக்குள் நுழையும் முன்பே இரண்டு கியர் லேசாக்கிவிடுங்கள். ஒருமுறை நான் வளைவின் நடுவில், முழு பலத்தோடு மிதித்துக்கொண்டே முன் பல்சக்கரத்தை மாற்றினேன். செயின் கழன்று சைக்கிள் அப்படியே நின்றுவிட்டது. பின்னால் வந்த நண்பர் என் மேல் மோதி விழுந்தார். அவருக்கு முழங்கையில் சிராய்ப்புதான், ஆனால் எங்களுக்குப் பின்னால் பஸ் ஒன்று ஏறிக்கொண்டிருந்தது. கியர் மாற்றும் அந்த ஒரு சுற்றுக்கு மட்டும் கால் அழுத்தத்தைக் குறையுங்கள். முன் பல்சக்கரத்தைச் சின்னதாக்குவதை அடிவாரத்திலேயே முடித்துவிடுவது நல்லது.

எழுந்து நின்று மிதிக்கும்போதும் கவனம் வேண்டும். எழும் நொடியில் சைக்கிள் லேசாகப் பின்வாங்கும், பின்னால் ஒட்டி வருபவரின் முன்சக்கரம் உங்கள் சக்கரத்தில் உரசும். அதற்கு முன் ஒரு கியர் கனமாக்கி, பெடலை அழுத்திக்கொண்டே எழுங்கள்.

முன்னும் பின்னும் பெரிய பல்சக்கரத்திலேயே செயினை வைத்து ஓட்டினால் செயின் குறுக்காக இழுபட்டுச் சீக்கிரம் தேயும்.

அப்புறம், இறங்கி ஊருக்குள் வந்ததும் சிக்னல். கனமான கியரிலேயே நின்றுவிட்டால் பச்சை விழுந்ததும் சைக்கிள் நகராது, பின்னால் இருப்பவர்கள் தடுமாறுவார்கள். செயின் ஓடும்போதுதான் கியர் மாறும். அதனால் சிவப்பு விளக்கைக் கண்டதும், கால் சுற்றிக்கொண்டிருக்கும்போதே இரண்டு மூன்று கியர் லேசாக்கிவிட்டு அப்புறம் பிரேக்கைப் பிடியுங்கள்.